அந்த 60 சதுர அடி

ஆம்பூர், பேரணாம்பட்டு, வாணியம்பாடிப் பகுதிகளில் வீடு சந்திக்கச் செல்லும் நம்மவர் அனைவரும் அறிந்த காட்சி இது. தொழிற்சாலையிலிருந்து மூட்டையாக வந்திறங்கும் ஷூ அப்பர்களைக் கையால் தைத்தபடி பெண்கள் வாசற்படியில் அமர்ந்திருப்பர். ஜோடிக்கு இவ்வளவு என்று கூலி. ஏன் வாசற்படி? உள்ளே வெளிச்சம் இல்லை. மழை பிடித்தால் உள்ளே நகர்ந்து, கண்ணை இடுக்கிக்கொண்டு தைப்பர். வீடு என்று நாம் அழைப்பது அவர்களுக்குப் பட்டறையும் ஆகும். அதைக் கட்டிக்கொடுத்தவர்கள் அதனை எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை.

எண்ணிப் பார்க்கக் கற்றுத்தரும் ஐந்தாண்டுப் படிப்பு நம் நாட்டில் உண்டு, வேலூரிலேயே உண்டு. ஆனால் கட்டடக்கலை மாணவர் பெரும்பாலும் அருங்காட்சியகத்தையும் விமான நிலையத்தையுமே அட்டையில் வெட்டி ஒட்டுகிறார். எப்போதாவது ‘சமூகத் திட்டம்’ என்ற பெயரில் ஒரு பள்ளிச் சுவருக்கு வண்ணம் பூசி, மூங்கில் பந்தல் ஒன்றை நட்டு, நிழற்படம் எடுத்துத் திரும்புகிறார். ஆடிக்காற்றில் பந்தல் சாயும்போது அவர் அடுத்த பருவத்தில் இருப்பார். இதனைக் களக்கல்வி என்று ஒப்ப நாம் மறுக்கிறோம்.

வேலூருக்கு இது புதுப்பாடமும் அன்று. ஐடா ஸ்கடர் அம்மையார் தொடங்கிய கிறித்தவ மருத்துவக் கல்லூரி, இளம் மாணவரைக் கிராமத்தில் தங்கவைத்து வீடுவீடாக விசாரிக்கச் செய்கிறது, கே.வி.குப்பத்தில் 1977 முதல் ஊரக நலப்பணியை நடத்திவருகிறது. நோயாளியைக் காணாமல் மருத்துவர் ஆக இயலாது. குடியிருப்பவரைக் காணாமல் கட்டடக் கலைஞர் ஆகலாம் போலும்!

அமெரிக்காவின் அலபாமாவில், ஆபர்ன் பல்கலைக்கழகப் பேராசிரியர் சாமுவேல் மாக்பி 1993இல் ‘ரூரல் ஸ்டுடியோ’வைத் தொடங்கினார். வறுமை மிகுந்த ஹேல் வட்டாரத்தில் மாணவர்கள் தங்கி, அங்குள்ள குடும்பங்களுக்குத் தம் கையாலேயே வீடு கட்டினர். 2001இல் அவர் மறைந்த பின்னும் பணி நிற்கவில்லை. 2005 முதல், 20,000 டாலருக்குள் ஒரு வீடு என்ற இலக்கை வைத்துக்கொண்டு, முந்தைய மாணவர் கட்டியதைப் பார்த்து அடுத்தவர் திருத்திவருகின்றனர். அவர்கள் ஊர் மாறவில்லை என்பதே நமக்குப் பாடம்.

‘கற்றுக்குட்டிகளின் கைப்பழக்கத்திற்கு ஏழையின் கூரைதானா கிடைத்தது?’ என்று கேட்பர். நியாயமான கேள்வி. கூரையை அவர்களிடம் விடச் சொல்லவில்லை. 2024இல் அறிவிக்கப்பட்ட கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் வீட்டின் அளவு 360 சதுர அடி. அதில் 300 சதுர அடி கான்கிரீட் கூரை. எஞ்சிய 60 சதுர அடியின் கூரையைத் தீப்பற்றாத வேறு பொருளாலும் பயனாளி விருப்பப்படி அமைக்கலாம். அந்த 60 சதுர அடியில் தொடங்கட்டும். தைப்பவளுக்கு ஒளி எப்பக்கம் விழ வேண்டும்? முதுகு சாய எது? பசை நெடி எவ்வழி வெளியேறும்? இவற்றை அவளிடமே கேட்டு, கொத்தனாரின் மேற்பார்வையில் கரணை பிடித்துச் செய்து, மறு ஆண்டு அதே வாசலுக்கு வந்து ஒழுகுகிறதா என்று பார்க்கட்டும்.

இது வெறும் வசதிப் பேச்சும் அன்று. 2015 ஜனவரி 31 அதிகாலையில், இராணிப்பேட்டையில் தோல் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தின் கசடுத் தொட்டிச் சுவர் இடிந்தது. பக்கத்துத் தொழிற்சாலையில் உறங்கிக்கொண்டிருந்த 10 பேர் மாண்டனர். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். தொழிலாளி எங்கே படுக்கிறான், அவன் தலைமாட்டில் எந்தச் சுவர் நிற்கிறது என்பதைக் கட்டடக்கலை கேட்காவிட்டால் வேறு யார் கேட்பது?

கல்லூரிகளைச் சாடிவிட்டு நாம் தப்பிக்கவும் முடியாது. பங்குதோறும் ஆலயம், மண்டபம், பள்ளி என்று கட்டிக்கொண்டே இருக்கிறோம். எந்த வேலைத்தளத்திலாவது மாணவருக்கு இடம் அளித்தோமா? திருவனந்தபுரத்தில் பேராயர் பெனடிக்ட் மார் கிரகோரியோஸ், குவேக்கரான லாரி பேக்கரை நம்பிச் செலவு குறைந்த வீடுகள் கட்டும் பணியைக் கொடுத்தார். கட்டடங்களை வடிவமைப்போர் மக்களின் வாழ்வையும் எண்ணத்தையும் அறிய வேண்டும் என்று திருத்தந்தை பிரான்சிஸ் 2015இல் தம் சுற்றுமடலில் வலியுறுத்தினார். அதைப் பிரசங்கத்தில் கேட்டோம். கட்டட ஒப்பந்தத்தில் எழுதவில்லை.

பத்து மாணவர் ஒரு பருவம் தங்க ஒரு கூடம் போதும். வீடுகளை அறிமுகம் செய்ய அன்பியங்கள் இருக்கின்றன. நம் பங்கு மண்டபங்கள் பல, திருமணம் இல்லாத நாள்களில் பூட்டியே கிடக்கின்றன.