திறவாத கோப்புகள்

கணினியிலுள்ள கோப்பொன்று திறக்க மறுத்துவிட்டால் வீட்டில் எழும் கலக்கம் சிறிதன்று. அஃது ஒரு மாணவரின் ஆய்வேடாக இருந்து, ஒப்படைக்கும் நாளும் மறுநாளாக அமைந்துவிட்டாற் சொல்லவே வேண்டியதில்லை. அவ்வேளையிற் பெரும்பாலோர் செய்வது யாது? பத்து முறை சொடுக்குவர், பெயரை மாற்றுவர், இணையத்தில் இலவசமாகச் செப்பனிட்டுத் தருவோம் என்பாரிடம் கோப்பையே அனுப்பிவைப்பர். கோப்புக்கு நேர்ந்த கேட்டினும் இவ்வவசரத்தால் விளையும் கேடே பெரிதென்பது நம் எண்ணம்.

முதலில் மூலத்தைத் தொடாது ஒரு பிரதி எடுத்து, சோதனைகளையெல்லாம் அப்பிரதியிலேயே நடத்துதல் வேண்டும். அடுத்து அதன் அளவைப் பார்க்க. பூச்சியமாயின் உள்ளே ஒன்றுமில்லை, வைத்தியம் பலியாது. மின்னஞ்சலிலோ பென்ட்ரைவிலோ பழைய பிரதியைத் தேடுவதே வழி.

அளவு இருக்குமாயின், அக்கோப்பு எவ்வினத்தது என்று அறியவேண்டும். பெயரின் ஈற்றிற் புள்ளிக்குப் பின் வரும் எழுத்துகள் வெறுஞ் சீட்டு மாத்திரமே. சீனிப் போத்தலில் உப்பு என்று எழுதி ஒட்டினாற் சீனி உப்பாகிவிடுமா? விண்டோஸ் இச்சீட்டை வழக்கமாக மறைத்தே வைக்கும். அதைக் காட்டுமாறு அமைத்துக்கொள்க. பின்னர் பிரதியை நோட்பாடிலே திறந்து, தொடக்க எழுத்துகளை மட்டும் பார்த்துவிட்டுச் சேமிக்காமல் மூடிவிடுக. நூற்றுவீதக் குறியும் 'பி.டி.எஃப்.' என்பதும் முதலில் நின்றால் அதன் இனம் தெளிவு. 'எச்.டி.எம்.எல்.' என்று கண்டால் அஃது ஓர் இணையப் பக்கம். கடந்தகால வினாத்தாளைத் தரவிறக்கியதாக மாணவர் நம்பியிருக்க, வந்து சேர்ந்தது கடவுச்சொல் கேட்கும் பக்கமாயிருக்கும்! முறைப்படி உள்நுழைந்து மீண்டும் தரவிறக்கினாற் போதும்.

இக்கால வேர்ட் கோப்பு 'பி.கே.' என்று தொடங்கும். 1989ஆம் ஆண்டில் ஸிப் என்னும் சுருக்கு முறையை வெளியிட்ட பில் காட்ஸ் என்பாரின் முதலெழுத்துகள் அவை. 2007ஆம் ஆண்டுப் பதிப்பு முதல் வேர்ட் வழக்கமாகச் சேமிக்கும் கோப்பு உண்மையில் ஒரு ஸிப் பொதியே. இதனாற் பெரிய நன்மையொன்று உண்டு. வேர்ட்டிலுள்ள 'ஓப்பன் அண்ட் ரிப்பேர்' என்னும் கட்டளை பயன்தராவிடின், பிரதியின் ஈற்றை 'ஸிப்' என மாற்றித் திறந்து பார்க்கலாம். இங்கே சீட்டை மாற்றுவது பொய்யன்று. அதன் மெய்ப்பெயரைச் சொல்வதே. உள்ளே 'வேர்ட்' என்னும் உறையில் 'டொக்கியுமென்ட்' என்ற கோப்பிலே வாசகமும், 'மீடியா' என்ற உறையிலே படங்களும் இருக்கும். ஒரு பகுதி சிதைந்திருப்பினும் மற்றவை பல வேளைகளிற் பிழைத்திருக்கும்.

திறந்தும் திறவாத கோப்புகள் வேறொரு வகை. பாட்டனார் எழுதுவித்த குடும்ப வரலாறோ, ஊர்ச் சங்க மலரோ ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாய்த் தோன்றுவதைக் கண்டு, பழுதென்று அழித்துவிடுவோர் உளர். அந்தோ! அது பழுதன்று, பாமினி எழுத்துருவில் அமைந்ததாயிருக்கலாம். அம்முறையிலே ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்கள் ஏற்றப்பட்டிருந்தன. 'அம்மா' என்பது எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்றே பதிவாகும். அவ்வெழுத்துருவை நிறுவித் தெரிவுசெய்தாற் பழைய வாசகம் அப்படியே மீளும்.

ஆனால் அதற்குமுன் அவ்வாங்கில எழுத்துகளைத் திருத்த முற்படுதல் ஆகாது. சிறிய எம் அகரம். பெரிய எம் ஆகாரம். வாக்கியத்தின் முதலெழுத்தைத் தானே பெரிதாக்கும் வேர்ட்டின் வழக்கம் ஒன்றினாலேயே 'அம்மா' என்பது 'ஆம்மா' ஆகிவிடும்.

1991ஆம் ஆண்டின் முதற் பதிப்பிலேயே தமிழுக்கு இடம் தந்த யுனிகோட்டுக்கு மாற்றி வைப்பது நிலையான வழி. அதற்கான மாற்றிகள் இணையத்தில் உண்டு. இடையிடையே வந்த ஆங்கிலச் சொற்களையும் அவை தமிழென்று கருதிக் குழப்பிவிடுமாதலால், ஆட்பெயர், ஊர்ப்பெயர்களை வீட்டு முதியவர் ஒருவருக்கு வாசித்துக் காட்டிச் சரிபார்த்த பின்னரே பழைய கோப்பை ஒதுக்கி வைக்கலாம்.