ஆயிரம் ரூபாய் - யாருக்கு வலி?

காலை எட்டு மணி. நாற்சந்தி. போக்குவரத்துக் காவலர் கை காட்டுகிறார். இரண்டு வண்டிகள் நிற்கின்றன.

ஒன்று, பழைய மோட்டார் சைக்கிள். ஓட்டி வந்தவர் கொத்தனார். பின்னால் சாந்துக் கரண்டியும் ரசமட்டமும் கட்டிய சாக்குப்பை. முன்னால் தொங்குவது தூக்குச்சட்டி. தலையில் ஹெல்மெட் இல்லை. இன்னொன்று, கண்ணாடிபோல் பளபளக்கும் கார். உள்ளே குளிர்ச்சி, வெளியே வேகம். அளவு மீறிய வேகம்!

இருவருக்கும் அபராதம் ஆயிரம் ரூபாய். கார்க்காரர் கைப்பேசியைத் தட்டுகிறார், பணம் போய்விடுகிறது, காரும் போய்விடுகிறது. கொத்தனாரோ நின்றுகொண்டே இருக்கிறார். அவர் மனக்கண்ணில் அரிசிக்கடைப் பாக்கி தெரிகிறது. பிள்ளையின் பள்ளிக்கூடச் செலவு தெரிகிறது.

சட்டம் இருவரையும் சமமாக நடத்திற்று என்கிறார்கள். சமமாகவா? தொகை சமம், சுமை சமமா? அதுதான் நம் கேள்வி.

தோழர்களே! நாம் சட்டத்தை மீறச் சொல்பவர்கள் அல்ல. ஹெல்மெட் போடாதவருக்காக வக்காலத்து வாங்கவும் வரவில்லை. 2022-ஆம் ஆண்டில் மட்டும் இந்தியச் சாலைகளில் மாண்டவர்கள் 1,68,491 பேர். அவர்களில் நூற்றுக்கு நாற்பத்து நான்கு பேருக்கும் மேல் இரு சக்கர வண்டியில் சென்றவர்கள். நூற்றுக்கு ஏறத்தாழ இருபது பேர் நடந்து சென்றவர்கள். காரில் ஏறும் வசதியற்றவன்தான் அதிகம் சாகிறான்! ஆகவே, சாலை ஒழுங்கு ஏழைக்கு எதிரி அல்ல. ஏழையின் உயிருக்குக் காவல். தலைக்கவசம் போடு, தோழா! உன் தலை உன் குடும்பத்தின் கூரை!

ஆனால், காவல் எல்லோரையும் கட்டுப்படுத்த வேண்டாமா?

2019-இல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தினார்கள். ஹெல்மெட் இல்லையென்றால் 100 ரூபாய் என்றிருந்தது 1,000 ஆயிற்று. உரிமம் இல்லாமல் ஓட்டினால் 500 என்றிருந்தது 5,000 ஆயிற்று. தமிழ்நாட்டில் 2022 அக்டோபரில் இந்தப் புதிய அபராதங்கள் நடைமுறைக்கு வந்தன. வேகம் மீறினால்? காருக்கு 1,000 முதல் 2,000 வரை. லாரிக்கும் பஸ்ஸுக்கும் 2,000 முதல் 4,000 வரை. பெரிய வண்டி மோதினால் பெரிய அழிவு - அந்த நியாயம் நமக்குப் புரிகிறது. ஆனால், ஸ்டீயரிங்கைப் பிடித்திருப்பவன் சம்பளத்துக்கு ஓட்டும் தொழிலாளி; காரில் பறப்பவரோ கோடிக்கு அதிபதி. வண்டியின் எடையைப் பார்த்த சட்டம், ஓட்டுபவரின் மடியைப் பார்க்கவில்லையே!

மடியைப் பார்க்கும் சட்டம் உலகில் உண்டா? உண்டு! வடக்கே, பனி மூடிய பின்லாந்துக்கு வாருங்கள்.

அந்த நாட்டுச் சாலை நம் சாலைக்கு நேர்மாறு. நாம் இடப்பக்கம் ஓட்டுகிறோம், அவர்கள் வலப்பக்கம். நாம் இருட்டினால் விளக்குப் போடுகிறோம். அவர்கள் பட்டப்பகலிலும் விளக்கை எரியவிட்டே ஓட்ட வேண்டும். நாம் லாரிக்குப் பின்னால் 'சவுண்ட் ஹார்ன்' என்று எழுதி வைத்து, ஒலி எழுப்பு என்று வேண்டிக்கொள்கிறோம். அங்கே ஆபத்து வந்தாலொழிய ஹார்ன் அடிப்பதில்லை. இவையெல்லாம் நாட்டுக்கு நாடு மாறும் பழக்கங்கள். ஒன்று உயர்வு, மற்றது தாழ்வு என்று நாம் சொல்ல மாட்டோம். ஆனால், ஒரு வேறுபாடு பழக்கம் அல்ல; நீதி!

1921 முதல் அங்கே 'நாள் அபராதம்' என்று ஒரு முறை இருக்கிறது. குற்றம் எவ்வளவு பெரிதோ, அத்தனை நாள் அபராதம். ஒரு நாளுக்கு எவ்வளவு என்பதோ ஆளின் வருமானத்தைப் பொறுத்தது. வரி போக மாதம் கையில் வரும் தொகையில் 255 யூரோவைக் கழித்து, மீதியை அறுபதால் வகுக்கிறார்கள். அவரை நம்பி வாழ்பவர்கள் இருந்தால் அதற்கும் கழிவு உண்டு. சிறு தவறுகளுக்கு அங்கேயும் ஒரே தொகைதான். ஆனால், வேக எல்லையை மணிக்கு 20 கிலோமீட்டருக்கு மேல் மீறினால் இந்தக் கணக்கு வந்து நிற்கும்.

கணக்கைப் போட்டுப் பாருங்கள். மாதம் 2,055 யூரோ பெறும் தனி ஆளுக்கு, நாள் ஒன்றுக்கு 30 யூரோ. பன்னிரண்டு நாள் விதித்தால் 360. மாதம் 60,255 யூரோ பெறும் தனவந்தருக்கு, நாள் ஒன்றுக்கு 1,000. அதே பன்னிரண்டு நாளுக்கு 12,000! தொகை வேறு, வலி ஒன்று. அதுவல்லவா சமம்!

ஏட்டில் மட்டும் எழுதி வைத்த சட்டமா அது? இல்லை. 2001-இல் நோக்கியா நிறுவனத்தின் உயர் அதிகாரி ஒருவர், 50 கிலோமீட்டர் வேகத்தில் போக வேண்டிய இடத்தில் 75-இல் போனார். அபராதம் 1,16,000 யூரோ! அவர் மேல்முறையீடு செய்தார். வருமானம் இடையில் குறைந்துவிட்டதைக் காட்டினார். அபராதமும் பெருமளவு குறைக்கப்பட்டது. இதைக் கவனியுங்கள், தோழர்களே! அந்தச் சட்டத்துக்குப் பணக்காரன் மீது பகை இல்லை. வருமானம் ஏறினால் ஏறுகிறது, இறங்கினால் இறங்குகிறது. தராசுக்குப் பகையேது?

2023-இல் ஆலந்து தீவில் பெருஞ்செல்வர் ஒருவர் 50-க்குப் பதில் 82-இல் போனார். 1,21,000 யூரோ கட்டச் சொன்னார்கள். பத்து நாள் ஓட்டுநர் உரிமமும் போயிற்று.

பலன் என்ன? 55 லட்சம் மக்கள் வாழும் அந்த நாட்டில், லட்சம் பேருக்கு நான்குக்கும் குறைவாகவே ஆண்டுதோறும் சாலையில் சாகிறார்கள். நம் நாட்டிலோ ஏறத்தாழ பன்னிரண்டு! தலைநகர் ஹெல்சிங்கியில், 2019-ஆம் ஆண்டு முழுவதும், நடந்து சென்ற ஒருவர்கூட வண்டி மோதி இறக்கவில்லை. அபராதம் ஒன்றால் மட்டும் வந்த வெற்றி என்று நாம் அளக்க மாட்டோம். நல்ல நடைபாதை, குறைந்த வேக எல்லை, கடுமையான ஓட்டுநர் பயிற்சி எல்லாம் சேர்ந்து தந்த பலன் அது. ஆனால், பணத்தை வீசிவிட்டுப் பறக்கலாம் என்ற எண்ணத்துக்கு அங்கே இடமில்லை என்பதும் அதில் ஒரு பங்கு என்றே நாம் கருதுகிறோம்.

"பின்லாந்தில் வரிக் கணக்கு காவலர் கைக்கு உடனே வருகிறது, இங்கே வருமானத்தை எப்படி அறிவது?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. பதிலும் நம் வீட்டிலேயே இருக்கிறது. தமிழ்நாட்டில் கார் வாங்கும்போது வாழ்நாள் வரி எப்படிப் போடுகிறார்கள்? விலையைப் பார்த்து! விலை உயர உயர, விழுக்காடும் உயர்கிறது. வரி வாங்கும்போது தெரிகிற விலை, அபராதம் வாங்கும்போது மறைந்தா போகிறது? பதிவேட்டில் இருக்கிறது, காப்பீட்டுச் சீட்டிலும் இருக்கிறது. வருமானக் கணக்கு கைக்கு வரும்வரை, வண்டியின் விலையையே அளவுகோலாகக் கொள்ளலாமே! கொத்தனாரின் பழைய மோட்டார் சைக்கிளுக்கு ஓர் அளவு. அரைக்கோடி ரூபாய்க் காருக்கு வேறோர் அளவு. இதற்கு வேண்டியது புதிய எந்திரமல்ல, புதிய மனம்!

அபராதம் என்பது கஜானாவை நிரப்பும் உண்டியல் அல்ல. தவறு செய்யும் கையைத் தடுக்கும் தடை. ஒருவனுக்கு மலையாகவும் இன்னொருவனுக்குத் தூசியாகவும் இருக்கிற தடை, எப்படித் தடையாகும்? ஏழைக்கு அது தண்டனை. செல்வருக்கு அது கட்டணம்! வேகமாகப் போக விலை ஆயிரம் என்று சீட்டு விற்பதற்கும் அதற்கும் என்ன வேறுபாடு?

நாற்சந்தியில் இன்னும் நின்றுகொண்டிருக்கிறார் கொத்தனார். அவர் சலுகை கேட்கவில்லை, மன்னிப்பும் கேட்கவில்லை. "எனக்கு வலிப்பது போல அவருக்கும் வலிக்கட்டும்" என்கிறார். அவ்வளவுதான். நாமும் அதைத்தான் கேட்கிறோம்.

சாலை பொதுச் சொத்து. அங்கே நீதியும் பொதுவாகட்டும்!