சார்ஜர்லயும் அரசியல் இருக்கு!

"போன் வாங்குறது என் இஷ்டம், இதுல அரசியல் எங்க வந்துச்சு?" என்று கேட்கும் தம்பி தங்கைகளே, கையில இருக்கிற சார்ஜரைப் பாருங்க!

2012-லிருந்து ஐபோனுக்கு மட்டும் தனி லைட்னிங் கேபிள். பக்கத்துல இருக்கிறவங்ககிட்ட இரவல் கூட வாங்க முடியாது. எல்லாருக்கும் ஒரே சார்ஜர்னு சட்டம் வந்தா புதுமை முடங்கிப்போகும் என்றது ஆப்பிள். ஐரோப்பிய நாடாளுமன்றம் அசரலை. 2022-ல் சட்டத்தை நிறைவேற்றியது. அடுத்த வருஷமே ஐபோன் 15 டைப்-சியோட வந்துச்சு. அதுவும் நம்ம ஸ்ரீபெரும்புதூர்லயே தயாராச்சு. புதுமை ஒண்ணும் முடங்கலையே!

காசு கொடுக்கிற நாம கேட்டா அசையாத கம்பெனி, சட்டம் கேட்டா அசையுது.

ஓட்டு கேட்டு வர்றவங்ககிட்ட ரோடு, தண்ணியோட இதையும் கேளுங்க: பேட்டரியை பசை போட்டு ஒட்டியே விக்கிறாங்களே, அதுக்கு எப்போ சட்டம்?