அம்மாவின் சீரியல், அப்பாவின் போன்

பொதுத்தேர்வு எழுதும் பிள்ளை இருக்கிற வீடுகளில் தை பிறந்ததுமே ஒரு தீர்மானம் நிறைவேறிவிடும்: 'பரீட்சை முடியும்வரை டி.வி. கிடையாது!'

திருத்தணியை அடுத்த ஆர்.கே.பேட்டை வட்டாரமும் இதற்கு விலக்கல்ல. விசைத்தறி ஓடும் ஊர்கள் இவை. தறிச் சத்தத்துக்கு நடுவே தார் சுற்றி, சமைத்து, தண்ணீர் பிடித்து வைத்துவிட்டு உட்காரும் பெண்ணுக்கு ராத்திரி சீரியல்தான் இளைப்பாறல். ஆந்திர எல்லை என்பதால் தமிழில் ஒன்று, தெலுங்கில் ஒன்று. கேபிளை நிறுத்தினால் முதலில் பறிபோவது அதுதான். திண்ணையில் ரீல்ஸ் தள்ளிக்கொண்டிருக்கும் அப்பாவின் போனை யாரும் கேட்பதில்லை. பிள்ளை இதையும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறது.

2006-ல் தொடங்கிய அரசின் இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டத்தில், ஐந்தே ஆண்டுகளில் ஒன்றரைக் கோடிக்கும் அதிகமான வீடுகளுக்குப் பெட்டி வந்து சேர்ந்தது. குடும்பப் பேச்சு குறைந்துபோகும் என்று அப்போது கவலைப்பட்டோம். ஆனால், ரிமோட்டுக்காகச் சண்டை போடவாவது எல்லோரும் ஒரே கூடத்தில் இருந்தார்கள். இன்று ஆளுக்கொரு திரை, ஆளுக்கொரு மூலை. டி.வி.யை மட்டும் மூடினால் வீடு பேசத் தொடங்கிவிடாது.

மகாராஷ்டிரத்தின் சாங்லி மாவட்டத்தில் மோஹித்யாஞ்சே வட்காவ் என்று ஒரு கிராமம். கொரோனா கால ஆன்லைன் வகுப்புக்குப் பிறகு பிள்ளைகள் போனை விடவில்லை. 2022 ஆகஸ்டில் ஊரே கூடி முடிவெடுத்தது. மாலை 7 மணிக்குக் கோயிலில் சைரன் ஒலிக்கும். டி.வி., போன் இரண்டையும் அணைத்துவிட வேண்டும். 8.30-க்கு மறு சைரன். அந்த ஒன்றரை மணி நேரத்தில் பிள்ளைகள் படித்தார்கள், பெரியவர்கள் பேசினார்கள். ஆரம்பத்தில் வீடு வீடாகப் போய்ச் சொல்ல வேண்டியிருந்தது; போகப்போகப் பழகிவிட்டது.

அந்த ஊர் டி.வி.யை ஒரேயடியாகத் தலைமுழுகவில்லை. குறித்த நேரம், எல்லோருக்கும் ஒரே சட்டம், பெரியவர்களுக்கும் விலக்கில்லை. அதனால்தான் அது நிலைத்தது. ஐஸ்லாந்தில் 1987 வரை வியாழக்கிழமைகளில் அரசுத் தொலைக்காட்சி ஒளிபரப்பே கிடையாது. அங்கும் கட்டுப்பாடு நாட்டுக்கே பொது. ஒரு வீட்டுப் பிள்ளைக்கு மட்டும் போட்ட தண்டனை இல்லை.

நம் ஊராட்சிகளும் அடுத்த கிராம சபையில் இதைப் பேசலாம். குடிநீர், சாலையோடு இதற்கும் ஒரு தீர்மானம் போட்டால் செலவு ஒன்றுமில்லை. நேரத்தை அந்தந்த ஊர் தன் வேலைக்குத் தோதாக வைத்துக்கொள்ளட்டும். நேரம் முடிந்தபின் சீரியல் பார்ப்பவர்களைக் குறை சொல்லவும் வேண்டாம். ஆனால், போனை முதலில் அணைக்க வேண்டியது தீர்மானத்துக்குக் கை தூக்கும் பெரியவர்கள்தான்!