சமவெளியை விழுங்கிய வானவில்

சென்ற மாதம் ஒரு கல்லூரிக் கருத்தரங்கில் தாமிரபரணிப் படுகையின் முப்பரிமாண வரைபடம் ஒன்றைத் திரையில் காட்டினார்கள். எண்டெவர் விண்வெளி ஓடம் 2000ஆம் ஆண்டில் ரேடார் கொண்டு அளந்த நில உயரத் தரவு. பைத்தான் நிரலில் வரைந்தது. பொதிகை செக்கச் சிவந்து நின்றது. சரிவுகள் மஞ்சளும் பச்சையுமாக மின்னின. திருநெல்வேலி முதல் புன்னைக்காயல் வரை ஒரே நீலம். அவை கைதட்டியது. ‘ஸ்ரீவைகுண்டம் எங்கே?’ என்று கேட்டேன். ‘நிறமெல்லாம் அலங்காரம் சார், தரவு சரியாகத்தான் இருக்கிறது’ என்றார் பேசியவர்.

அந்தப் பதிலை மறுக்கவே இதை எழுதுகிறேன்.

கணக்கு எளியது. அகத்தியர் சிகரத்தின் உயரம் 1868 மீட்டர். மேட்பிளாட்லிப் நிரலகத்தின் நிறவரிசையில் 256 படிகள். உயரத்தைச் சமமாகப் பங்கிட்டால் ஒரு நிறத்துக்கு ஏழு மீட்டருக்கு மேல் வருகிறது. திருநெல்வேலி நகரமோ கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 47 மீட்டர்தான். ஆக, நகரிலிருந்து கடல்வரை கிடக்கும் வயல்களுக்கும் குளங்களுக்கும் ஊர்களுக்கும் சேர்த்து வாய்ப்பது ஆறேழு நிறங்கள். அவையும் கண்ணுக்குப் பிரித்தறிய முடியாத நீலங்கள். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் அளவுக்கு மழை கொட்டியதே, அப்போது ஊர்கள் மூழ்கியது இந்த நீலத்துக்குள்தான். சில மீட்டர் ஏற்றத்தாழ்வே வெள்ளத்தின் போக்கைத் தீர்மானிக்கும் நிலம் அது.

வானவில் வரிசையின் குற்றங்கள் தெரிந்தவையே. இல்லாத விளிம்பை மஞ்சள் காட்டும். கறுப்புவெள்ளை நகலில் கருநீலமும் கருஞ்சிவப்பும் ஒன்றாகும். மேட்லேப் 2014இல் அதை இயல்புநிலையிலிருந்து நீக்கியது. மேட்பிளாட்லிப் 2017இல் விரிடிஸுக்கு மாறியது. ஆனால் விரிடிஸும் சமபங்கீடே செய்யுமாயின் நம் சமவெளிக்கு விடிவில்லை. மலைமுதல் கடல்வரையுள்ள நிலத்தைத் திணை வகுத்தவர்கள் உயரத்தால் சமதுண்டாக நறுக்கினார்களா? வாழ்வு மாறும் இடத்தில் எல்லையிட்டார்கள். நிரலிலும் அது இயலும். 0, 5, 10, 20, 50, 100, 500, 1900 எனச் சமமற்ற எல்லைகளை நாமே கொடுத்து, இடைவெளிக்கு ஒரு நிறம் வைக்கலாம். (பரப்பின் கட்டங்களுக்கு நிறத்தை நேரடியாகக் கொடுத்தால் நிரல் தன் பங்குக்கு ஒளிநிழல் பூசிவிடும்; அதை அணைக்காவிட்டால் விளக்கப்பட்டையில் ஒரு நிறம், சரிவில் வேறு நிறம்.)

இதெல்லாம் கணினித்துறையின் பாடு என்று எங்கள் தமிழ்த்துறையார் ஒதுங்குவதையும் நான் ஏற்கவில்லை. தொல்காப்பியச் செய்யுளியல் இருபது வண்ணங்களைச் சொல்கிறது. அங்கே வண்ணமென்பது ஓசை. ஓசை வெறும் அலங்காரம் என்று வகுப்பில் சொல்வோமா?

அந்த நிரலை வாங்கி, எல்லைகளை மாற்றி ஓட்டிப் பார்த்தேன். நகருக்குக் கிழக்கே நான்கு நிறங்கள் பிரிந்தன. ‘பொதிகையின் மேற்பகுதி முழுக்க ஒரே நிறமாகிவிட்டதே’ என்று குறைப்பட்டார் நண்பர். மலையின் உயரத்தைக் காட்டத்தான் மூன்றாம் பரிமாணம் இருக்கிறதே!