தோற்றவன் கேட்ட இரண்டு பல்கலைக்கழகங்கள்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்சி. இயற்பியல்)

வென்றவனின் பெயரைக் கல்லில் வெட்டுவதும், தோற்றவனின் பெயரை அடிக்குறிப்பில் போடுவதும் வரலாறு எழுதுவோரின் வழக்கம். அந்த வழக்கப்படி பார்த்தால், வேல்ஸ் நாட்டு இளவரசன் ஓவைன் கிளிண்டூருக்கு நம் ஆண்டு மலரில் இடம் கிடையாது. அவன் தோற்றவன். அவன் கைப்பற்றிய கோட்டைகள் பத்தாண்டுகளுக்குள் பறிபோயின. மனைவியும் மக்களும் சிறைப்பட்டனர். அவன் எங்கே இறந்தான், எங்கே புதைக்கப்பட்டான் என்பதுகூட உறுதியாகத் தெரியவில்லை.

ஆனால் ஓர் ஆட்சியாளனை அவன் வென்ற போர்களை வைத்து மட்டும் அளக்கலாகாது. தன் மக்களுக்காக அவன் என்ன கேட்டான் என்பதை வைத்தும் அளக்க வேண்டும் என்பது என் கருத்து. இயற்பியல் மாணவனுக்கு வேல்ஸ் வரலாறு எதற்கு என்று நண்பர்கள் கேட்கக்கூடும். அதற்கான காரணத்தை முடிவில் சொல்கிறேன்.

நம் கல்லூரியில் ஆங்கில இலக்கியம் பயில்வோர் இவனை ஷேக்ஸ்பியரின் 'நான்காம் ஹென்றி' நாடகத்தின் முதற் பாகத்தில் சந்தித்திருப்பார்கள். அங்கே அவன் பெயர் 'கிளெண்டவர்'. ஆழத்து ஆவிகளையும் அழைக்க வல்லவன் தான் என்று பெருமை பேசி நகைப்புக்கு ஆளாகும் பாத்திரம் அது. வரலாற்றில் வாழ்ந்த ஓவைன் வேறு. அவன் லண்டனில் சட்டம் பயின்றவன் என்று அறிஞர்கள் கருதுகிறார்கள். அவன் மாமனார் ஆங்கில அரசின் உயர் நீதிமன்றமொன்றில் நீதிபதி. அவனே 1385ல் ஆங்கில மன்னனின் படையில் சேர்ந்து ஸ்காட்லாந்துப் போருக்குச் சென்றவன். சிகார்த் என்னும் ஊரில் இருந்த அவனது மாளிகையின் செழிப்பையும் விருந்தோம்பலையும் ஐயோலோ கோக் என்ற புலவர் பாடியிருக்கிறார். சுருங்கச் சொன்னால், ஐம்பது வயதை நெருங்கும்வரை வசதியாக வாழ்ந்த ஒரு நிலக்கிழான்.

அப்படிப்பட்டவன் ஏன் வாளெடுத்தான்?

வேல்ஸ் தன் கடைசிப் பேரிளவரசனான லூவெலின் அப் கிரிஃபித்தை 1282ல் போரில் இழந்தது. அடுத்த ஆண்டே நாடு முதலாம் எட்வர்டின் காலடியில் விழுந்தது. ஊர்தோறும் கற்கோட்டைகள் எழுந்தன. அவற்றின் நிழலில் ஆங்கிலேயருக்கென்றே நகரங்கள் அமைந்தன. 'வேல்ஸ் இளவரசர்' என்ற பட்டம் 1301ல் ஆங்கில மன்னனின் மகனுக்கே போய்ச் சேர்ந்தது. நூறாண்டுகளுக்கும் மேலாக உள்ளே புகைந்த நெருப்புக்கு ஒரு காணித் தகராறு பொறியாயிற்று. அண்டை நிலத்துப் பிரபுவான ரெஜினால்ட் கிரேக்கும் ஓவைனுக்கும் நிலத்தைப் பற்றி வழக்கு மூண்டது. ஓவைனுக்கு நீதி கிடைக்கவில்லை. 1400 செப்டம்பர் 16 அன்று அவனைச் சார்ந்தோர் அவனை வேல்ஸின் இளவரசன் என்று அறிவித்தனர்.

இங்கே மாணவர்களாகிய நாம் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. 1401ல் ஆங்கிலப் பாராளுமன்றத்தில் ஒரு முறையீடு எழுந்தது. ஆக்ஸ்ஃபோர்டில் படித்துக்கொண்டிருந்த வேல்ஸ் மாணவர்கள் படிப்பை விட்டுவிட்டுச் சொந்த நாட்டுக்குப் போய்விட்டார்கள். இங்கிலாந்தில் கூலி வேலை செய்த வேல்ஸ்காரர்களும் ஆயுதத்தோடு கிளம்பிவிட்டார்கள் என்பதே அந்த முறையீடு. ஏடு பிடித்தவனும் ஏர் பிடித்தவனும் ஒரே பாதையில் நடந்தார்கள்.

ஆங்கில அரசு சட்டத்தால் பதிலடி கொடுத்தது. வேல்ஸ்காரர் அரசுப் பதவி வகிக்கக் கூடாது. ஆங்கிலேயர் நகரங்களில் சொத்து வாங்கக் கூடாது. ஆயுதம் ஏந்தக் கூடாது. கூட்டம் கூடக் கூடாது. நாடோடிப் பாணர்களும் புலவர்களும் ஊர் சுற்றிப் பாடக் கூடாது என்று தடைகள் அடுக்கப்பட்டன. வேல்ஸ் பெண்ணை மணந்த ஆங்கிலேயனுக்கும் பதவி கிடையாது. ஒரு மொழியினரை மண்ணோடு கட்டிப்போட இதற்கு மேல் என்ன வேண்டும்?

இருந்தும் ஓவைன் வளர்ந்தான். 1402ல் பிரின் கிளாஸ் என்ற இடத்தில் பெருவெற்றி பெற்றான். 1404ல் ஹார்லெக், அபெரிஸ்ட்வித் கோட்டைகள் அவன் வசமாயின. அதே ஆண்டில் மகன்லெத் என்ற ஊரில் பாராளுமன்றம் கூட்டினான். பிரான்சு மன்னனோடு உடன்படிக்கை செய்துகொண்டான்.

அந்த ஆட்சியின் உச்சம் எது என்று என்னைக் கேட்டால், கோட்டை எதையும் சொல்லமாட்டேன். ஒரு கடிதத்தைச் சொல்வேன். 1406 மார்ச் 31 அன்று, பென்னல் என்னும் சிற்றூரிலிருந்து பிரான்சு மன்னன் ஆறாம் சார்லஸுக்கு எழுதிய கடிதம் அது. அக்காலத்தில் கிறித்தவ உலகம் ரோமில் ஒருவர், அவிஞ்ஞோனில் ஒருவர் என இரண்டு போப்பாண்டவர்களுக்கிடையே பிளவுபட்டிருந்தது. அவிஞ்ஞோன் போப்பாகிய பதின்மூன்றாம் பெனடிக்டை ஏற்க ஓவைன் இசைந்தான். அதற்கு ஈடாகச் சில கோரிக்கைகளை வைத்தான். வேல்ஸ் திருச்சபை கேண்டர்பரிக்குக் கீழ்ப்படியாமல் தனித்து நிற்க வேண்டும். வேல்ஸ் கோயில்களின் வருமானம் ஆங்கில மடங்களுக்குப் போகக் கூடாது. வேல்ஸ் மொழி அறிந்தவர்களே அங்கே குருமார்களாக வேண்டும். இவற்றோடு, வேல்ஸின் வடக்கே ஒன்று, தெற்கே ஒன்று என இரண்டு பல்கலைக்கழகங்கள் வேண்டும்.

எண்ணிப் பாருங்கள். போர் முடியவில்லை. முந்தைய ஆண்டில்தான் அவன் உடன்பிறந்தான் டியூடர் களத்தில் மடிந்தான். மகன் கிரிஃபித் சிறைப்பட்டான். சிகார்த் மாளிகை 1403லேயே எதிரியின் தீயில் சாம்பலாகிவிட்டது. வீடிழந்த ஒருவன் அரண்மனை கேட்டிருக்கலாம்; பொன் கேட்டிருக்கலாம். அவன் பல்கலைக்கழகம் கேட்டான்.

அது வெறும் பகற்கனவும் அன்று. தன்னாட்சியோடு இருந்த ஸ்காட்லாந்து, அதே பெனடிக்டிடம் விண்ணப்பித்து, 1413ல் செயின்ட் ஆண்ட்ரூஸ் பல்கலைக்கழகத்துக்கு ஆணை பெற்றது. ஓவைன் வென்றிருந்தால் வேல்ஸுக்கும் அது கிடைத்திருக்கும் என்று நினைப்பதில் தவறில்லை. ஆனால் 1408ல் அபெரிஸ்ட்வித் வீழ்ந்தது. 1409ல் ஹார்லெக் வீழ்ந்தது. அவன் மனைவி மார்கரெட்டும் பெண்மக்களும் லண்டன் கோபுரச் சிறைக்குக் கொண்டுபோகப்பட்டனர். 1412க்குப் பின் அவனைப் பற்றித் தெளிவான செய்தி இல்லை. 1415ல் மன்னன் ஐந்தாம் ஹென்றி மன்னிப்பு வழங்க முன்வந்தபோதும் அதை ஏற்க அவன் வரவில்லை. அவனைக் காட்டிக்கொடுக்கவும் எவரும் வரவில்லை.

இதற்கு மறுப்பும் உண்டு. அதை மறைப்பது நேர்மையாகாது. அவனுடைய போரால் வேல்ஸ் பாழ்பட்டது. ஸ்ட்ராட்டா ஃப்ளோரிடா மடத்தை ஆங்கிலப் படை சூறையாடியது உண்மைதான். ஆனால் செயின்ட் அசாஃப் பேராலயத்தை எரித்தது ஓவைனின் படை. வயல்கள் தரிசாயின, ஏழைகளே அதிகம் துன்புற்றனர். மேலும், அவன் கேட்ட பல்கலைக்கழகத்தில் உழவன் மகன் நுழைந்திருப்பானா? குருமார்களையும் அரசு அலுவலர்களையும் உருவாக்கத்தானே அவன் கேட்டான்? ஆம், அதை மறுக்க முடியாது. அக்காலத்துப் பல்கலைக்கழகம் எதுவும் அனைவருக்கும் கதவைத் திறந்து வைக்கவில்லை. பெண்களுக்கு அறவே திறக்கவில்லை.

ஆயினும் ஒரு கோரிக்கை, கேட்டவனின் காலத்தோடு முடிந்துவிடுவதில்லை. பின்னால் வருபவர்கள் அதை எடுத்து இன்னும் அகலமாக்குகிறார்கள். வேல்ஸில் அப்படித்தான் நடந்தது. குருமார் பயிற்சிக்காக லாம்பீட்டரில் 1827ல் ஒரு கல்லூரி திறந்தது. பிறகு 1872ல், ஓட்டலுக்கெனக் கட்டத் தொடங்கிப் பாதியில் நின்ற ஒரு கடற்கரைக் கட்டடத்தில் அபெரிஸ்ட்வித் கல்லூரி பிறந்தது. எளிய மக்கள் தம் தேவாலயங்களில் சிறு தொகைகளைத் திரட்டி அதைத் தாங்கினர். 1883ல் தெற்கே கார்டிஃபிலும், 1884ல் வடக்கே பேங்கரிலும் கல்லூரிகள் எழுந்தன. பேங்கர் கல்லூரிக்காகக் கற்சுரங்கத் தொழிலாளர்கள் தங்கள் வாரக் கூலியிலிருந்து காசு கொடுத்தார்கள். வடக்கே ஒன்று, தெற்கே ஒன்று! இளவரசன் மன்னனிடம் கேட்டது, 478 ஆண்டுகளுக்குப் பிறகு கல் உடைப்பவரின் கைக்காசால் நிறைவேறியது.

இனி, முதலில் தள்ளிவைத்த காரணத்துக்கு வருகிறேன்.

அந்தக் கடிதத்தில் என்னை நிறுத்திய சொல் 'பல்கலைக்கழகம்' அன்று. 'வடக்கே ஒன்று, தெற்கே ஒன்று' என்பதுதான். படிப்பு இருந்தால் மட்டும் போதாது, அது எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும் என்று அறிந்தவனால்தான் அப்படிக் கேட்க முடியும். என் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். என் அப்பா நான்காம் வகுப்போடு நின்றவர். என்னை அவர் இங்கே சேர்த்ததற்குக் காரணம், காலையில் பேருந்து ஏறினால் மாலையில் வீடு திரும்பலாம் என்பதுதான். என் அக்கா என்னைவிட நன்றாகப் படித்தவள். அவள் பள்ளிப் படிப்பை முடித்த ஆண்டில் எங்கள் ஊருக்குக் காலைப் பேருந்து இல்லை. பேருந்து வந்தபோது அவளுக்குத் திருமணம் ஆகியிருந்தது. என் விடைத்தாள் மதிப்பெண்களை இன்றும் அவள்தான் முதலில் கேட்கிறாள்.

ஆகவே, எட்டும் தூரத்தில் ஒரு கல்லூரியைக் கேட்டவன் எவனாயினும், அவன் எந்த நாட்டவனாயினும், எத்தனை போரில் தோற்றவனாயினும், அவனைத் தோற்றவன் என்று எழுத என் பேனா ஒப்பவில்லை. கேட்டவன் காணாமற் போனான். அவன் கேட்டது வந்து சேர்ந்தது. அடுத்த முறை 'அதெல்லாம் எங்கே கிடைக்கப்போகிறது' என்று நம் ஊரில் யாரேனும் சொன்னால், மலைநாட்டுச் சிற்றூரான பென்னலில் எழுதப்பட்ட அந்தக் கடிதத்தை நினைத்துக்கொள்வோம். கிடைக்கும் வரையில் கேட்போம். நமக்குப் பின் வருவோருக்காகவும் கேட்போம்.