சட்டசபையில் இரண்டு நாற்காலிகள்

தேர்தல் நெருங்கிவிட்டால் லிங்கராஜபுரத்துச் சந்துகளுக்கெல்லாம் எல்லாக் கட்சிகளுக்கும் வழி தெரிந்துவிடுகிறது. தமிழில் பேச ஆள் கூட்டி வருகிறார்கள். தாய்மார்களைக் கும்பிடுகிறார்கள். ஓட்டு எண்ணி முடிந்த மறுநாளே சந்து பழைய சந்தாகிவிடுகிறது. சாக்கடையும் குடிநீரும் பட்டாவும் பழைய மனுக்களாகிவிடுகின்றன. "நம்மை யார் மதிக்கிறார்கள்?" என்று தேநீர்க் கடையில் ஆற்றாமையோடு கேட்கிறோம்.

இந்தக் கேள்விக்கு வரலாற்றில் ஒரு பதில் உண்டு. அது வெகுதூரத்தில் இல்லை. இங்கிருந்து சுமார் நூறு கிலோமீட்டரில், கோலார் தங்கவயலில் இருக்கிறது.

1952-இல் மைசூர் ராஜ்யத்துக்கு முதல் பொதுத்தேர்தல் நடந்தது. வயது வந்த எல்லோருக்கும் ஓட்டு என்ற அடிப்படையில் கூடிய முதல் சட்டசபை அது. கீழ்ச்சபையான அந்தச் சட்டசபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் 99 பேர். காங்கிரஸ் 74 இடங்களைப் பிடித்தது. கெங்கல் ஹனுமந்தையா முதலமைச்சரானார். அந்த வெள்ளத்தில் தங்கவயல் மட்டும் வேறு திசையில் நின்றது. அங்கிருந்து இருவர் போனார்கள். ஒருவர் கம்யூனிஸ்ட் கட்சியின் கே. எஸ். வாசன், அந்தச் சபை முழுவதிலும் கம்யூனிஸ்ட் உறுப்பினர் அவர் ஒருவரே. மற்றவர் டாக்டர் அம்பேத்கர் நிறுவிய ஷெட்யூல்டு காஸ்ட்ஸ் ஃபெடரேஷனைச் சேர்ந்த பி. எம். சுவாமிதுரை.

அவர்களை அனுப்பியவர்கள் யார்? வடாற்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் சித்தூர்ப் பக்கத்திலிருந்தும் பிழைப்புத் தேடி வந்தவர்கள். அவர்களின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள். பெரும்பாலோர் ஆதிதிராவிடர்கள். ஜான் டெய்லர் கம்பெனியின் சுரங்கத்தில், உலகத்தின் மிக ஆழமான குழிகளில் ஒன்றில், பாறை வெடிப்புக்கும் நுரையீரலை அரிக்கும் தூசிக்கும் நடுவே தங்கம் வெட்டியவர்கள். கம்பெனி கொடுத்த லயன் வீடுதான் அவர்களுக்கு வீடு. நிலம் இல்லை, சொத்து இல்லை.

சொத்து இல்லாதவனுக்கு அதற்குமுன் ஓட்டும் இல்லை. மைசூர் சமஸ்தானத்தில் 1881-லேயே பிரஜா பிரதிநிதி சபை ஏற்பட்டது. 1907-இல் சட்ட ஆலோசனை சபை வந்தது. இந்தியாவுக்கே முன்னோடி என்று பெருமை பேசப்பட்ட சபைகள் அவை. ஆனால் வரி கட்டுகிறவனுக்கும் நிலம் உள்ளவனுக்குமே அங்கே குரல். நம் தண்டுப் பிரதேசத்துத் தமிழருக்கோ அந்தக் கதவும் அடைத்தே இருந்தது. 1881 முதல் பெங்களூர் கண்டோன்மெண்ட் பிரிட்டிஷ் ரெசிடெண்டின் ஆட்சியில் தனியாக இருந்தது. மைசூருக்குத் திரும்பியது 1947 ஜூலை 26-இல்தான். ஆக, அல்சூர்த் தமிழனுக்கும் தங்கவயல் தமிழனுக்கும் ராஜ்ய சட்டசபைக்கு ஆள் அனுப்பும் உரிமை 1952-இல்தான் கைக்கு வந்தது.

அந்த உரிமையைத் தங்கவயல் எப்படிப் பயன்படுத்தியது என்பதுதான் நாம் படிக்க வேண்டிய பாடம்.

அன்று தங்கவயல் இரட்டை உறுப்பினர் தொகுதி. ஒரு பொது இடம், ஒரு தனி இடம். ஒவ்வொரு வாக்காளருக்கும் இரண்டு ஓட்டு. இரண்டையும் ஒரே ஆளுக்குப் போட முடியாது. வேட்பாளருக்கு ஒரு பெட்டி, பெட்டியின் மேல் சின்னம். எழுதப் படிக்கத் தெரியாதவரும் சின்னத்தைப் பார்த்துச் சீட்டைப் போட்டார். செங்கொடிக்கு ஒன்று, அம்பேத்கர் கட்சிக்கு ஒன்று என்று இரண்டையும் தங்கவயல் ஜெயிக்க வைத்தது. வர்க்கமா சாதியா என்று மேடையில் இன்றும் வாதாடுகிறார்கள். தங்கவயல் தொழிலாளர் தொகுதி அன்று ஒரே நாளில் இரண்டுக்கும் நாற்காலி போட்டுக் கொடுத்துவிட்டது.

இது ஒரு தேர்தலில் திடீரென்று முளைத்த ஒற்றுமை அல்ல. 1930-இல் கம்பெனி பெருவிரல் ரேகை பதியச் சொன்னபோது, "நாங்கள் என்ன குற்றவாளிகளா?" என்று சுரங்கத்தையே நிறுத்தியவர்கள் அவர்கள். அப்போது அவர்களுக்கு ஒழுங்கான சங்கம்கூட இல்லை. போராட்டம் முதலில் வந்தது, சங்கம் பின்னால் வந்தது, ஓட்டு கடைசியில் வந்தது. ஓட்டு வந்தபோது யாருக்குப் போடுவது என்பதை அவர்களுக்கு வெளியிலிருந்து வந்து சொல்லவேண்டிய அவசியம் இருக்கவில்லை.

"99 பேரில் 2 பேர் என்ன கிழித்துவிட முடியும்?" என்று கேட்கலாம். கை தூக்கி எண்ணினால் ஒன்றும் முடியாதுதான். ஆனால் சபையில் கேள்வி கேட்கவும், மந்திரியிடமிருந்து பதில் வாங்கவும், அந்தப் பதிலைக் கொண்டுவந்து தொழிலாளர் கூட்டத்தில் வைக்கவும் ஓர் உறுப்பினர் போதும். வெளியே சங்கம் உயிரோடு இருந்தால் உள்ளே ஒற்றைக் குரலுக்கும் எடை உண்டு.

அதே சட்டசபையின் காலத்தில்தான், 1956-இல், கோலார் தங்கச் சுரங்கங்களைக் கையகப்படுத்தும் சட்டம் வந்தது. அந்த ஆண்டே சுரங்கங்கள் மைசூர் சர்க்காரின் சொத்தாயின. முக்கால் நூற்றாண்டு ஆண்ட வெள்ளைக் கம்பெனி விலகியது. இதை அந்த இரண்டு உறுப்பினர்களே சாதித்தார்கள் என்று எழுதினால் அது பொய்யாகிவிடும். சட்டம் கொண்டுவந்தது காங்கிரஸ் சர்க்கார், பெரும்பான்மை அவர்களுடையது. ஆனால் சுரங்கத் தொழிலாளியின் குரல் அந்தச் சபைக்குள் இருந்தபோது அது நடந்தது என்பதும் உண்மை. 1957 தேர்தலிலும் தங்கவயல் கம்யூனிஸ்ட் கட்சியின் எம். சி. நரசிம்மனைச் சபைக்கு அனுப்பியது.

கதையின் கசப்பான பாதியையும் சொல்லிவிட வேண்டும். சர்க்கார் உடைமையான பிறகு, வெட்டிய தங்கத்தை உள்நாட்டுச் சந்தை விலைக்கு வெகு கீழே, சர்வதேச விலைக்குச் சர்க்காரிடமே கொடுக்க வேண்டியதாயிற்று. புத்தகத்தில் நஷ்டம் ஏறியது. 1962-இல் சுரங்கம் மத்திய சர்க்காருக்குப் போனது. 1972-இல் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் ஆனது. 2001 பிப்ரவரி 28-இல் மூடப்பட்டது. இரட்டை உறுப்பினர் தொகுதிகளையும் 1961-இல் சட்டம் போட்டு ஒழித்தார்கள். சுரங்கம் மூடிய பிறகு மாரிக்குப்பம் ரயிலேறித் தினமும் பெங்களூருக்குக் கூலிக்கு வரும் நம் சகோதரர்களைக் கேளுங்கள். நாற்காலி மட்டும் சோறு போடாது என்பதை அவர்கள் சொல்வார்கள். நாற்காலி வேண்டும்; அதன் பின்னால் தூங்காத சங்கமும் வேண்டும்.

இனி நம் வாசலுக்கு வருவோம். தங்கவயல்காரருக்கும் சொந்த ஊர் இருந்தது. குலதெய்வம் இருந்தது. ஆனால் ஓட்டு, உழைத்த இடத்தில் இருந்தது. நம்மில் எத்தனை குடும்பங்களுக்கு அப்படி? உழைப்பது இங்கே, பிள்ளை படிப்பது இங்கே, ஓட்டு திருவண்ணாமலையில், தருமபுரியில், வேலூரில். ஐந்தாண்டுக்கொரு முறை பஸ் பிடித்துப் போய்ப் போட்டுவிட்டு வருகிறோம். ஊர்ப்பாசத்தை நாம் குறை சொல்லவில்லை. ஆனால் இங்குள்ள எம்.எல்.ஏ.வுக்கு நாம் கணக்கில் இல்லாத ஆட்களாகிவிடுகிறோம். அவர் நம்மை மதிக்கவில்லை என்று கோபித்து என்ன பயன்?

"பேரை எடுத்துவிட்டால் ஊர் வீடு கைவிட்டுப் போய்விடுமே" என்று சிலர் பயப்படுகிறார்கள். வீண் பயம். பட்டா வேறு, வாக்காளர் பட்டியல் வேறு. ஓர் ஊரில் வீடு இருப்பதால் மட்டுமே ஒருவர் அந்த ஊரில் வசிப்பவராகிவிட மாட்டார் என்று 1950-ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் தெளிவாகச் சொல்கிறது. வழக்கமாக எங்கே குடியிருக்கிறோமோ அங்கேதான் பேர் இருக்க வேண்டும். இரண்டு இடத்தில் பேர் வைத்துக்கொள்ளச் சட்டம் இடம் தரவில்லை. பொய் உறுதிமொழி கொடுத்தால் ஓராண்டு வரை சிறைகூட உண்டு.

செய்ய வேண்டியது சிறிய வேலைதான். புதிதாகச் சேர 6-ஆம் எண் படிவம். ஊரிலிருந்து இங்கே மாற்றவும், தெரு விட்டுத் தெரு வீடு மாறினால் திருத்தவும் 8-ஆம் எண் படிவம். 18 வயது நிறைவதைக் கணக்கிட முன்பு ஜனவரி 1 மட்டும்தான்; 2022 முதல் ஏப்ரல் 1, ஜூலை 1, அக்டோபர் 1 என்று ஆண்டுக்கு நான்கு தேதிகள். வாடகை வீட்டில் இருப்பவருக்கும் இதே உரிமைதான். பட்டியல் கன்னடத்தில் இருந்தால் பள்ளிக்கூடம் போகும் பிள்ளையை விட்டு வாசிக்கச் சொல்லுங்கள். பேரும் கதவு எண்ணும் சரியா என்று பாருங்கள்.

தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. முதல் தேர்தலுக்குப் பட்டியல் எடுத்தபோது, நாட்டில் சுமார் 28 லட்சம் பெண்கள் சொந்தப் பேரைச் சொல்லாமல் "இன்னாருடைய மனைவி", "இன்னாருடைய தாய்" என்றே சொன்னார்கள். அவர்கள் பேர் பட்டியலில் ஏறவில்லை, ஓட்டும் போயிற்று. இன்று பேரைச் சொல்ல யாரும் வெட்கப்படுவதில்லை. ஆனால் கல்யாணமாகி இங்கே வந்த பிறகும் பேரைத் தாய்வீட்டுப் பட்டியலிலேயே விட்டுவைத்தால், முடிவில் அதுவும் அதே நஷ்டம்தான்.

தங்கவயல்காரர் நம்மைவிடப் படித்தவர்களா? பணம் உள்ளவர்களா? இல்லை. அவர்கள் சேர்ந்து நின்றார்கள். நின்ற இடத்திலேயே ஓட்டும் போட்டார்கள். பக்கத்து வீட்டுக் கன்னடத் தொழிலாளியின் சாக்கடையும் நம் சாக்கடையும் ஒன்றுதான். அவரையும் சேர்த்துக்கொண்டே இந்த வேலையைச் செய்வோம். தெருவுக்கு இரண்டு பேர் முன்வாருங்கள். வீடு வீடாகப் பேரைச் சரிபாருங்கள். அடுத்த முறை கும்பிட வருகிறவரிடம் மனுவை நீட்டுமுன், பட்டியலை நீட்டுவோம்.